நேதன் வேர்ஹவுஸ்

தவமணி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளிக்கிட்டபோது குசினிக்குள் ரெலிபோன் அடித்தது.

"ஆர் இந்த நேரத்தில?" என்றார் அமிர்தநாதர். பக்கத்து அப்பார்ட்மென்ட்காரர். இந்த இரண்டு நாளும் செத்தவீட்டு அலுவல் முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு ஓடித்திரிகிற மனிதர். "கார் கீழ நிக்குது தங்கச்சி. பதினொண்டுக்கு எரிக்கிற இடத்தில நிக்கவேணும். பிந்தினால் வெள்ளைக்காரன் அடுத்த ஆளை உள்ள விட்டிடுவான்."

லண்டனில் இருக்கும் தம்பிதான் என்று நினைத்துத் தவமணி ரிசீவரைக் காதில் வைத்தாள். ஒரு வெள்ளைக்காரி. நேதன் வேர்ஹவுஸா என்று கேட்டாள்.

நேதன் வேர்ஹவுஸ் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. கனடாவில், மோர்னிங்சைட்டில் ஒன்பதாம் மாடியிலிருக்கும் இந்தக் குசினியும், பிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கும் இந்த ரெலிபோனும்தான் அந்த வேர்ஹவுஸ். அதன் மனேஜர் மிஸ்டர் நேதன், அதாவது தவமணியின் புருஷன் சண்முகநாதன், முந்தாநாள் திங்கட்கிழமை பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனார்.

எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்து, கட்டின துணியோடு தப்பி வந்தவர். அங்கே போஸ்ட்மாஸ்டர், இங்கே இரவில் ஒரு கட்டடத்துக்குக் காவல். அவருக்குப் பிறகு சண்டைக்குத் தப்பி வந்த பெடியள் ஒவ்வொருவராக இந்தக் குசினிக் கதிரையில் குந்தி ஒரே கதையைத்தான் சொன்னார்கள். எந்த ஃபக்டரிக்குப் போனாலும், கனடாவில் முதல் எங்கே வேலை செய்தாய் என்று கேட்கிறான். எங்கேயும் செய்யவில்லை என்றால் போய்விட்டு வா என்கிறான். வேலை செய்தால்தானே அனுபவம்! அனுபவம் இருந்தால்தானே அவன் வேலை தருவான்! சண்முகநாதன் ஒருநாள் முழுக்க யோசித்தார். பிறகு எல்லோருடைய விண்ணப்பத்திலும், ஒரு வருஷம் நேதன் வேர்ஹவுஸில் பெட்டி அடுக்கியதாக எழுதித் தன் வீட்டு நம்பரைப் போட்டார். விசாரித்து ரெலிபோன் அடிப்பவர்களுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு தானே மனேஜராகப் பதில் சொன்னார். முப்பத்தொரு பேருக்கு வேலை கிடைத்தது.

தவமணிக்கு இது அறவே பிடிக்காது. "விரதமும் பிடிச்சுக்கொண்டு உந்தப் பச்சைப் பொய்யையும் கேட்டுக்கொண்டே நான் சமைக்கிறது? என்னை உதுக்குள்ள இழுக்காதேங்கோ" என்று அடித்துச் சொல்லியிருந்தாள். போன வெள்ளிக்கிழமை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது. அவள் பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை. அது பதினாலு தரம் அடித்து ஓய்ந்தது. அவர் சோப்பு நுரையோடு ஓடிவந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்தப் பெடியளில் ஒருவனான அன்புராசாவுக்கு வரவேண்டிய வேலை அப்படியே தவறிப்போயிற்று.

சனியும் ஞாயிறும் அவர் அவளோடு கதைக்கவில்லை. அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸுக்குப் போனவர்தான். ஒரு சொல்லுக் கதைத்திருக்கலாமே, என்ன பிடிவாதம் பிடித்த சனியன் நான் என்று அன்று முதல் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது வெள்ளைக்காரி மூன்று துண்டாக உடைத்துச் சொன்ன பெயரும் அன்புராசாதான்.

அவன் குசினி வாசலில் நின்றான். முப்பது வயது. மனைவியும் பிள்ளையும் இந்தியாவில் அகதி முகாமில் கிடக்கிறார்கள். வேலையில்லாமல் அவர்களைக் கூப்பிட வழியில்லை. இன்னொரு ஃபக்டரிக்கும் எழுதிப் போட்டிருந்ததைச் செத்தவீட்டில் யாரிடம் சொல்வான்? விஷயம் விளங்கியதும் இரண்டு கைகளையும் ஆட்டினான். "வேண்டாம் அன்ரி, ரெலிபோனை வையுங்கோ. இண்டைக்கு வேண்டாம்."

"இஞ்ச தாங்கோ, நான் கதைக்கிறன்" என்று அமிர்தநாதர் கையை நீட்டினார். அவருக்கு நல்ல இங்கிலீஷ். தவமணி கொடுக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மிஸ்டர் நேதனோடு பேசலாமா என்று கேட்டாள் வெள்ளைக்காரி.

தவமணி வாயைத் திறந்தாள். ஆஸ்பத்திரியிலும் மற்ற இடங்களிலும் அமிர்தநாதர்தான் கதைத்தார். புருஷன் இல்லை என்பதை அவள் இன்னும் யாருக்கும் இங்கிலீஷில் சொன்னதில்லை.

"மிஸ்டர் நேதன் நொட் ஹியர்" என்றாள். பிறகு குரலை நிமிர்த்திக்கொண்டு, "ஐ ஆம் மனேஜர்."

செத்தவீட்டுக்கு வந்து ஹோலில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆள் எப்படி, நேரத்துக்கு வருவானா, பாரம் தூக்குவானா? வெங்காயத்தோடும் மிளகாயோடும் கேட்டுக் கேட்டு அவளுக்கு எல்லாம் பாடம். "வெரி பங்க்சுவல். வன் டே நோ லேட். ஹெவி பொக்ஸ், நோ புறொப்ளம்." புருஷனுடைய இங்கிலீஷ் மாதிரி வழுக்கிக்கொண்டு போகவில்லை. ஆனாலும் போய்ச் சேர்ந்தது.

கடைசியில் வெள்ளைக்காரி, அவ்வளவு நல்ல ஆள் என்றால் ஏன் உங்களை விட்டுப் போனார் என்று கேட்டாள்.

இதற்கு அவர் என்ன சொல்லுவார்? ஆளுக்கொரு காரணம் சொல்லுவார். ஒன்றும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அமிர்தநாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மை மிஸ்டேக்" என்றாள் தவமணி. "ஹீ இஸ் குட். ஐ நொட் ரோக்கிங். ரூ டேய்ஸ் ஐ நொட் ரோக்கிங். மை மிஸ்டேக்."

சனியும் ஞாயிறும் கதைக்காமல் இருந்ததுதான் அவள் வாயில் வந்தது. பிறகு வெள்ளைக்காரி குரலைத் தணித்து, இப்படி நேர்மையாகச் சொல்லும் மனேஜர்கள் குறைவு என்றாள். அந்த ஆளின் நம்பருக்கு அடித்தால் யாரும் எடுக்கிறார்கள் இல்லையாம். கண்டால் நாளைக் காலை ஏழு மணிக்கு வேலைக்கு வரச் சொல்லமுடியுமா என்று கேட்டாள்.

"யெஸ். ஐ ரெல்" என்று சொல்லித் தவமணி ரிசீவரை வைத்தாள்.

"நாளைக்கு ஏழு மணிக்கு அங்க நிக்கட்டாம்."

அன்புராசா கண்ணைத் துடைத்தான். "நாளைக்கு எப்பிடி அன்ரி? அங்கிளின்ர சாம்பல் எடுக்க நானும் வாறனெண்டு சொன்னனான்."

"அதுக்கு ஆக்கள் இருக்கினம். நீ வேலைக்குப் போ. முதல் நாளே பிந்தினியெண்டால் எங்கட கொம்பனிக்குத்தான் கெட்ட பேர்."

அமிர்தநாதர் கதவைத் திறந்து பிடித்தார். பனிச் சப்பாத்தை மாட்டக் குனிந்த தவமணி, ஒரு காலை மட்டும் நுழைத்துவிட்டு அப்படியே குனிந்தபடி நின்றாள். பதினொரு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நேரம் போகுது என்று ஒருவரும் சொல்லவில்லை.