மருந்து குறைத்த தோட்டாக்கள்

"தூக்கிப் பாரு" என்று ரேத்தா தன் துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேஜைமேல் ஒரு துப்பாக்கியை வைத்தாள்.

என் கணவன் வெர்லின் ஒற்றைக் கையால் தூக்கினான். எதிர்பார்த்த கனம் அதில் இல்லை. கை தோளுக்கு மேலே போய்விட்டது.

"என்ன இது, துடைப்பமா?"

"துடைப்பம் உன் வீட்ல ஆர்டிஸ் கையில இருக்கும், கேட்டு வாங்கிக்க. இது ரைபிள். அஞ்சே பவுண்டு. கட்டை மரம் இல்ல, கார்பன். குழலையும் பென்சில் மாதிரி சீவி வச்சிருக்கான்."

"மேல தொலைநோக்கி வச்சா?"

"ஆறு. உன் பழசு எவ்வளவு?"

"பத்து" என்றேன் நான். "வாரும் தோட்டாவும் சேர்ந்தா பதினொண்ணு. சமையலறைத் தராசுல நிறுத்துப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"இவ எல்லாத்தையும் நிறுக்கறா" என்றான் வெர்லின். "என் பல் தேய்க்கிற பிரஷ்ஷோட பிடியைக் கூட ரம்பத்தால அறுத்துட்டா. இன்னும் என்னை மட்டுந்தான் அறுக்கல."

"அதுக்கும் நாள் இருக்கு" என்றாள் ரேத்தா.

மூவரும் சிரித்தோம். ஜூலை மாதம் அது. மலையாட்டுக் கடாவை வேட்டையாட எங்கள் மாநிலத்தில் குலுக்கலில்தான் அனுமதிச் சீட்டு. விழுந்தால் ஆயுளுக்கு ஒன்று. வெர்லின் இருபத்தாறு வருஷம் எழுதிப் போட்டான், இருபத்தாறு வருஷமும் இல்லை என்றுதான் கடிதம் வந்தது. இந்த வருஷம் ஏப்ரலில் அவன் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஜூனில் சீட்டு விழுந்தது. வயது எழுபது. சீட்டை வேறு யாருக்கும் மாற்ற முடியாது. சொந்தப் பிள்ளைக்கோ பேரனுக்கோ என்றால் மாற்றலாம், எங்களுக்குப் பிள்ளை இல்லை.

கருவியை வழக்கமாக இடது பக்கம்தான் வைப்பார்கள். இவனுக்கு அந்தப் பக்கத்து ரத்தக்குழாய் அடைத்துப்போயிருந்ததால் வலது தோளுக்குக் கீழே வைத்துவிட்டார்கள். துப்பாக்கிக் கட்டை உதைக்கிற அதே இடம். "கருவியிலேர்ந்து இதயத்துக்குப் போற கம்பி விலகினா நெஞ்சு நின்னுடும், பாத்துக்குங்க" என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அவனிடம் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

ரேத்தாவுக்கும் கருவி விஷயம் தெரியும். எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை.

"வெர்லின், ஒண்ணு சொல்றேன் கேளு" என்றாள். "பழைய ரைபிளோட கனம்தான் இத்தனை நாளும் உதையைத் தாங்கிச்சு. இதுல கனம் கிடையாது. உன் பெரிய தோட்டாவை இதுல போட்டா குதிரை உதைக்கிற மாதிரி உதைக்கும். இதே துப்பாக்கி சின்னத் தோட்டாவுக்கும் வருது. உதை பாதிதான்."

"அது என் தம்பி பொண்ணு பன்னெண்டு வயசுல சுட்டது."

"அவ எதையாவது விழ வச்சாளா இல்லையா?"

"மானை."

"அப்ப அவளையே கூட்டிட்டுப் போ."

"நாப்பத்தஞ்சு வருஷமா ஒரே தோட்டாதான் சுட்டிருக்கேன். அது எங்க போகும், எவ்வளவு விழும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். ஒரே ஒரு கடா, ஒரே ஒரு சீட்டு, அதுக்குப் போய்ப் புதுசா ஒண்ணைப் பழகச் சொல்றியா? பெரிசையே கொடு. தோள்ல பஞ்சு வச்சுக் கட்டிக்கறேன்."

அவன் பூட்ஸ் பார்க்கப் பின்பக்கம் போனான். நான் மேஜைமேல் குனிந்தேன்.

"இந்த வருஷம் தோட்டா நீதானே செஞ்சு தரப்போற?"

"ஆமா. மாத்திரையால கை வீங்கிக் கெடக்கு, தன்னால முடியலன்னான்."

"வெடிமருந்தைக் குறைச்சுப் போடு."

ரேத்தா பின்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட சொல்லிட்டா?"

"சொல்லாம."

"ஆர்டிஸ், நூறு கஜத்துல வித்தியாசமே தெரியாது. முந்நூறு தாண்டினா குண்டு குறிக்குக் கீழ விழும். நிறைய விழும்."

"அவன் எப்ப முந்நூறு சுட்டான்? எரநூறுக்குள்ள ஊர்ந்து போகாம ஒரு நாளும் சுட்டதில்ல. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"பின்ன?"

"ஒரு ஆள் தோட்டாவுல அவனுக்குத் தெரியாம கை வைக்கறது..." என்றாள் ரேத்தா.

"அவன் உயிரோட திரும்பி வரணும் ரேத்தா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

இருபது தோட்டா செய்து கொடுத்தாள். பெட்டியின் மேல் வழக்கமான மருந்து அளவையே எழுதியிருந்தாள்.

ஆகஸ்டில் ஊருக்கு வெளியே சரளைக்கல் குழியில் சுட்டுப் பார்த்தோம். அங்கே நூறு கஜத்துக்கு மேல் இடம் கிடையாது. வெர்லின் தோளில் துண்டை மடித்து வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு விசையை அழுத்தினான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"இவ்வளவுதானா?"

"என்ன?"

"இதுக்கா ரெண்டு பொம்பளைங்களும் சேர்ந்து என்னை மிரட்டினீங்க? தட்டிக் கொடுக்கற மாதிரி இருக்கு. கட்டையில ஏதோ நல்ல ரப்பர் வச்சிருக்கான்."

"இருக்கும்" என்றேன்.

மூன்று குண்டும் ஒரு காசு அளவுக்குள் விழுந்தன. அவன் விசிலடித்துக்கொண்டே வண்டிக்கு வந்தான். ஏப்ரலுக்குப் பிறகு அவன் விசிலடித்து அன்றுதான் கேட்டேன். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, எத்தனை கஜத்துக்கு எவ்வளவு உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்கிற கணக்கைச் சின்னத் தாளில் எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டினான். அது பழைய தோட்டாவின் கணக்கு. நூறு, எரநூறு, முந்நூறு, நாநூறு. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "ஒட்டுற டேப்பை நல்லா அழுத்து, மழையில பிஞ்சுடும்" என்றுகூடச் சொன்னேன்.

செப்டம்பரில் பக்கத்துப் பண்ணைக்காரர் தன் குதிரைகளில் எங்களை ஏரிவரை கொண்டுபோய் விட்டார். ஐந்தாம் நாள் வருவதாகச் சொல்லிப் போனார். அங்கிருந்து மேலே நடைதான். ஒன்பதாயிரம் அடி. அவனுக்குத் துப்பாக்கி மட்டும், மற்றதெல்லாம் என் முதுகில். பத்து எட்டு வைப்பான், நிற்பான். மூன்றாம் நாள் ஆறு எட்டுக்கு ஒரு தடவை நின்றான்.

அன்று காலை பத்து மணிக்குக் கடாவைப் பார்த்தோம். எதிர்ச் சரிவில், சாம்பல் பாறைக்குக் கீழே, தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. கொம்பு ஒரு முழுச் சுற்று சுற்றி முகத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. வெர்லின் தூரம் காட்டும் கண்ணாடியை எடுத்தான்.

"முந்நூத்தம்பது."

"கிட்ட போலாம்."

"எப்படி? அந்த முகட்டைச் சுத்தி வரணும். ரெண்டு மணி நேரம்."

"போலாம் வெர்லின். மெதுவா. நான் கூட இருக்கேன்."

அவன் கையுறையைக் கழற்றிக் காட்டினான். நகமெல்லாம் நீலம்.

"இதை வச்சுக்கிட்டா?"

"நீ இவ்வளவு தூரம் சுட்டதே இல்லையே."

"சுடத் தெரியாம இல்ல. இத்தனை நாள் நடக்கத் தெரிஞ்சுது, அதனால சுடல." என் பையை வாங்கிப் பாறைமேல் வைத்து அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்தான். "காத்தும் இல்ல. கணக்கு ஒட்டியிருக்கு. இன்னும் என்ன வேணும்?"

"வேண்டாம். ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு..."

"ஷ்ஷ்" என்றான். கடா தலையைத் தூக்கியிருந்தது.

அவன் சுட்டான். கடா முன்பக்கம் மடிந்து, எழுந்து, முகட்டுக்கு அந்தப் புறம் போய்விட்டது.

"பாத்தியா?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "முன்னால மடிஞ்சுது. நுரையீரல்ல பட்டிருக்கு. அரை மணி உக்காருவோம். மேல எங்கயாவது போய்ப் படுத்திருக்கும்."

அரை மணி உட்கார்ந்தோம். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

முகட்டை அடைய மூன்று மணி நேரம் ஆனது. அங்கே ரத்தம் நாலைந்து சொட்டுதான். ஒரு எலும்புத் துணுக்கு கிடந்தது. "விலா எலும்பு" என்றான் வெர்லின். நான் வாங்கிப் பார்த்தேன். தடியாக, வழவழப்பாக இருந்தது. நாற்பது வருஷம் அவனோடு சேர்ந்து இறைச்சி வெட்டியவள் நான். அது கால் எலும்பு. சும்மா திருப்பிக் கொடுத்தேன்.

பாறைக் கிண்ணம் மாதிரி இருந்த மேல் பள்ளத்தை வெளிச்சம் போகிறவரை தேடினான். கடைசியில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"என் கைதான்" என்றான். "குறி சரியாத்தான் இருந்துது. கை இழுத்திருக்கு. இருபத்தாறு வருஷம் காத்திருந்து, கடைசியில ஒரு மிருகத்தை அரைகுறையா அடிச்சு அலைய விட்டுட்டேன்."

"நாளைக்கு ஊருக்குக் கிளம்பிடலாம்."

"அடிச்சதை விட்டுட்டா? இங்கயே விழுந்தாலும் சரி, தேடாம வரமாட்டேன்."

மறுநாள் விடிந்ததும் பூட்ஸ் கயிறு கட்ட உட்கார்ந்தான். பாதிக் கயிற்றில் மூச்சு முட்டி நிறுத்தினான். முகம் சாம்பல் பூத்திருந்தது. திரும்பவும் அதே மேல் பள்ளத்துக்கு ஏறப் போகிறான். கடா அங்கே இல்லை, எனக்குத் தெரியும்.

"மேல போகாதே. அங்க இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் கை இழுக்கல. தோட்டாவுல மருந்து குறைவு. நான்தான் ரேத்தாவைக் குறைக்கச் சொன்னேன். உதைக்கக் கூடாதுன்னு."

கையிலிருந்த கயிற்றை விட்டான். பிறகு பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினான். உள்ளே மருந்து தளர்ந்து புரளும் சத்தம் எனக்கே கேட்டது.

"ஒரு தடவை ஆட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றான். "பாக்கல. எவ்வளவு குறைச்சா?"

"மூணுல ஒரு பங்கு."

உதடு அசையக் கணக்குப் போட்டான். "அப்ப ஒரு சாண் கீழ. முன்னங்கால்."

"ஆமா."

"அந்த எலும்பு... உனக்கு நேத்தே தெரியுமா?"

நான் பையை எடுத்து முதுகில் மாட்டினேன்.

"கால் ஒடிஞ்சது மேல ஏறாது. தண்ணிக்குத்தான் இறங்கும்." எழுந்து ஓடைப் பக்கம் திரும்பினான். "நேத்து மத்தியானமே சொல்லியிருந்தா நேத்து மத்தியானமே முடிஞ்சிருக்கும்."

"நீ எங்க போய் விழுந்துடுவியோன்னு..."

"நான் விழுந்தேனா? அதுதான் விழுந்துச்சு."

அதற்கப்புறம் இறக்கம் முழுக்க அவன் முன்னாலேயே நடந்தான். ஓடைக்கரைப் புதரில் கடாவைக் கண்டோம். மூன்று காலில் நின்றது. நாலாவது தோலில் தொங்கியது. ஓடிப் பார்த்து, முடியாமல், எங்கள் பக்கம் திரும்பி நின்றுகொண்டது. எண்பது கஜம். வெர்லின் முழங்காலிட்டுச் சுட்டான். விழுந்தது.

அனுமதிச் சீட்டில் தேதியை வெட்டிக் குறித்துக் கொம்பில் கட்டினான். நான் வழக்கம்போல் கத்தியை எடுத்துப் பின்கால் பக்கம் போனேன்.

"நீ தொடாதே."

"தனியா உன்னால முடியாது."

"தொடாதேன்னேன்."

தோல் உரித்து இறைச்சியை எலும்பிலிருந்து பிரிக்க இரண்டு பேருக்கு ஒரு மணி நேர வேலை. அவன் ஒருவனாக ஐந்து மணி நேரம் செய்தான். ரெண்டு வெட்டு வெட்டுவான், கடாவின் வயிற்றிலேயே கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குவான். அந்த நெஞ்சைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்தேன். பத்தடி தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து, அது என்ன பாடு படுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுமக்க மட்டும் விட்டான். அதற்கு வேறு ஆள் இல்லை.

ஊரில் வனவிலங்கு அலுவலகத்தில் கொம்பை அளந்து அடையாள ஆணி அடித்த பையன் கேட்டான், "எத்தனை குண்டு, பெரியவரே?"

"ரெண்டு. மொதல் குண்டு கால்ல. தூரத்தைத் தப்பாக் கணிச்சுட்டேன்."

"யாருக்கும் நடக்கறதுதான்."

"எனக்கு நடந்ததில்ல" என்றான் வெர்லின்.

வண்டியில் ஏறியதும் சொன்னேன், "என்னைக் காட்டிக் கொடுக்காம விட்டியே."

"உனக்காக இல்ல. என் தோட்டாவை நானே பாக்காம சுட்டேன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது?"

குளிர்காலம் முழுக்க அந்த இறைச்சியை அவனே வறுத்தான், அவனே தின்றான். எனக்கு வேண்டுமா என்று கேட்பான். அவன் கேட்கிற விதத்தைப் பார்த்தே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். மற்றபடி சண்டை எதுவும் இல்லை. விறகு எடுத்து வைத்தான், என் கார் கண்ணாடியில் பனி சுரண்டினான். புதுத் துப்பாக்கியை ரேத்தாவிடம் திருப்பிக் கொடுத்தான். அவளோடும் பேச்சை விட்டுவிட்டான்.

இதற்கிடையில் நவம்பரில் டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார்.

"கம்பி இம்மி அசையல. வேட்டைக்குப் போகலையா?"

"போனேன்."

"சுட்டீங்களா?"

"ரெண்டு தடவை. அதுக்கு முன்னால பழக ஒரு மூணு."

"பெரிய துப்பாக்கியா? அப்ப உங்களுக்கு ரொம்ப அதிர்ஷ்டம் சார்."

"அதிர்ஷ்டம் இல்ல" என்று வெர்லின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே என் பக்கம் கை காட்டினான். "இவதான்."

டாக்டர் சிரித்தார். "இப்படி ஒரு ஆள் வீட்ல இருந்தா நீங்க தொண்ணூறு வரைக்கும் இருப்பீங்க."

"இருப்பேன்" என்றான் வெர்லின்.

வெளியே நடைபாதையில் அவன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். நன்றாகவே நடந்தான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நான் வருகிறவரை நின்றான்.

"ஆறு மாசம் கழிச்சு வரணுமாம்" என்றேன்.

"தேதியை நீயே குறிச்சு வச்சுக்க" என்றான்.