ஓட்டையில் வைத்த கட்டைவிரல்

ஹால் சுவரில் டிவி மாட்டத்தான் டிரில் மிஷினை எடுத்தேன். "ஆளக் கூப்பிடுங்க" என்றாள் என் மனைவி சித்ரா. ஒரு ஓட்டைக்கு ஒரு ஆளா? ஒன்றரை அங்குலம் உள்ளே போயிருக்கும், சுவர் என் முகத்தில் துப்பியது. அந்தப் பக்கம் குளியலறைக்குப் போகும் குழாயை நட்டநடுவில் துளைத்திருந்தேன். வாழ்க்கையில் நான் குறி தவறாமல் செய்த ஒரே காரியம்.

கட்டைவிரலை ஓட்டையில் வைத்து அமுக்கிக்கொண்டு, "உப்புத்தண்ணி வால்வை மூடு!" என்று கத்தினேன். சித்ரா மொட்டைமாடிக்கு ஓடி மூடினாள். நிற்கவில்லை. அங்கே ஆற்றுத் தண்ணிக்கு ஒரு தொட்டி, உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணிக்கு ஒரு தொட்டி. எந்த வால்வு எதற்கு என்று பெயின்ட்டில் எழுதியவன் நான், ஆகவே மாறியிருந்தது. இன்னொன்றைத் திருகினாள். துருப்பிடித்த கைப்பிடி மட்டும் அவள் கையோடு வந்தது.

விரலைச் சுற்றிப் பீச்சிய தண்ணீர், தரையில் ஒயருக்கு விட்ட துளை வழியாகக் கீழே இறங்கியது. கீழே அவள் தம்பி நவநீதகிருஷ்ணனின் தறிக்குடோன். காலையில்தான் தறியில் புதுப் பாவு ஏற்றியிருந்தான். கஞ்சி போட்ட அந்த நெடுக்கு நூல் நனைந்தால் ஒட்டிக்கொள்ளும், அறுத்து எறிய வேண்டியதுதான். தன் கல்யாணத்திலிருந்து நாலு வருஷமாக அவன் என்னோடு பேசுவதில்லை. ஏன் என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க" என்று படியிறங்கிவிடுவான்.

இப்போது படியேறி வந்தான். கையில் பைப் ரெஞ்ச்.

"என்ன பண்ணித் தொலைச்சே?"

எங்கள் பள்ளிபாளையத்தில் நாய்க்கே 'ங்க' போடுவார்கள். எனக்கு அது போய்விட்டது.

"குழாய் தானா வெடிச்சிருச்சு மாப்ளே."

டிரில் மிஷின் என் காலடியில் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். ரெஞ்ச் என் தோளில் இறங்கியது. அடுத்தது விலாவில். பிறகு ரெஞ்சை எறிந்துவிட்டு வெறுங்கையால் வாயில் குத்தினான். உப்புத்தண்ணியோடு ரத்தமும் சேர்ந்து கரித்தது. தடுக்க வந்த சித்ராவின் கையை உதறினான், அவள் சோபாவில் போய் விழுந்தாள். என் தலைமுடியைப் பிடித்து நெற்றியைச் சுவரில் மோதினான். ஒரு தரம், இரண்டு தரம். கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது.

விரலை மட்டும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் பாவு போச்சு. வீரம் என்று நினைத்துவிடாதீர்கள், விரல் பாதி மரத்துப்போயிருந்தது.

"தானா வெடிச்சுதா? சொல்லு! தானா வெடிச்சுதா?"

"நான்தான் மாப்ளே. நான்தான் ஓட்டை போட்டேன். வால்வுல பேரை மாத்தி எழுதுனதும் நான்தான்."

ஓங்கிய கை நின்றது. குனிந்து என் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டேன். விழுந்த அடி சுவரில் விழுந்தது, என் விரலுக்கு ஒரு அங்குலம் தள்ளி. வெறி பிடித்தவனாகச் சுவரை உடைத்தான். சில்லு தெறித்து என் கன்னம் கிழிந்தது. குழாய் வெளியே தெரிந்தது.

"அக்கா, பழைய சைக்கிள் டியூப்!"

சித்ரா வெட்டித் தந்த பட்டையை இழுத்துப் பிடித்தான். "இப்ப எடு." எடுத்தேன். பீச்சியடித்த தண்ணீருக்குள் கைவிட்டு எட்டுச் சுற்று சுற்றினான், மேலே கட்டுக்கம்பி போட்டு முறுக்கினான். பீச்சல் சொட்டாகி, சொட்டும் நின்றது.

சித்ரா கீழே ஓடிப் பார்த்துவிட்டு, "ஓரந்தான் நனைஞ்சிருக்குது, பாவு தப்பிச்சிருச்சு" என்று படியிலிருந்தே கத்தினாள்.

இருவரும் தண்ணீரிலேயே உட்கார்ந்தோம். அவன் விரல்முட்டியிலும் ரத்தம், அது என் பல்லின் உபயம்.

"நாலு வருஷமா ஏன் மாப்ளே பேசல?"

எட்டி, கட்டுக்கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்கினான்.

"என்ற கல்யாணத்துல இணைச்சீருக்கு எங்கக்கா நிக்கோணும். கூடப் பொறந்தவ நின்னு செய்யற சீரு அது, எனக்கு அவ ஒருத்திதான். உங்க வண்டியில ஒழுகற டீசல் டேங்குக்குச் சோப்பைத் தேச்சு, நானே சரிபண்ணிட்டேன்னு அவளைக் கூட்டிட்டுக் கெளம்புனீங்க. நாமக்கல் ரோட்டுல டீசல் பூராம் ஒழுகி வண்டி நின்னுபோச்சு. பெரியப்பன் மகதான் அவ எடத்துல நின்னா. எல்லாம் முடிஞ்சு நீங்க வந்து, வண்டி மக்கர் பண்ணிருச்சுன்னீங்க. இப்பச் சொன்னாப்புல 'நான்தான்'னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கே உங்கள அடிச்சுப்போட்டு, அன்னைக்கே பேசியிருப்பேனுங்க மாமா."