சத்தம் போன போர்ப் படம்

அப்பா விட்டுப்போன தியேட்டரை அக்காவும் தம்பியும் பங்கு பிரிக்காமல் நடத்திவந்தார்கள். மின்சாரம், பாப்கார்ன், ஒழுகும் கூரை எல்லாம் தம்பியின் தலைவலி. ஞாயிறு காலைக் காட்சி மட்டும் அக்காவின் ராஜ்ஜியம். பழைய படங்களைத் தேடிப் பிடித்துப் போடுவாள். "ஊரே கொண்டாடின படத்தை நான் வேற கொண்டாடணுமா?" என்பாள்.

அந்த மாதம் போர்ப் படங்கள். வெளிவந்த காலத்தில் யாரும் சீந்தாத ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை முதலில் வைத்தாள். ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். பின்னால் காயம்பட்ட எதிரிப்படை வீரன். பாலம் உடைந்து இருவரும் பனியில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவன் மொழி மற்றவனுக்குத் தெரியாது.

தம்பி உதட்டைப் பிதுக்கினான். "சண்டையே இல்லாம என்ன போர்ப் படம்க்கா? மாப்பிள்ளை இல்லாத கல்யாணமா?"

"ஒருத்தன் கையில வண்டிச் சாவி, இன்னொருத்தன் கையில துப்பாக்கி. இதைவிடப் பெரிய சண்டை வேணுமாடா உனக்கு?"

ஞாயிறன்று அரங்கு பாதிக்கு மேல் நிறைந்தது. அக்கா வழக்கம்போலக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, திரையை விட்டுவிட்டுத் தலைகளைப் பார்த்தாள். ஓட்டுநர் வீரனின் தொடையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது சத்தம் சட்டென்று நின்றது.

மேலேயிருந்து ஆபரேட்டர் இறங்கி ஓடிவந்தார். "ஆம்ப்ளிஃபயர் போயிடுச்சும்மா. நிறுத்திடவா?"

"நிறுத்திட்டு மன்னிப்பு கேட்டுடலாம்" என்றான் தம்பி.

அக்கா மறுபடி அரங்கைப் பார்த்தாள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. பாப்கார்னை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் கையை நிறுத்தியிருந்தார். திரையில் ஓட்டுநர் கழுத்து நரம்பு புடைக்க ஏதோ பேசிக்கொண்டே போனான். அவன் பேச்சு அந்த வீரனுக்குப் புரியாது. இப்போது அரங்குக்கும் புரியவில்லை. துப்பாக்கியை விடாமல் வீரன் எப்படி மிரண்டு பார்த்தானோ, அப்படியே எல்லோரும் பார்த்தார்கள்.

"ஓடட்டும்" என்றாள் அக்கா.

கடைசிவரை ஓடியது. விளக்கு எரிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசைக் கணக்கு டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பாதியில சத்தத்தையே எடுத்துட்டாரே. அந்த டைரக்டருக்கு என்ன துணிச்சல்."

தம்பி காதோரம் கிசுகிசுத்தான். "அப்படியே விட்டுடுக்கா. நல்லதாப் போச்சு."

அவள் அவனை ஒதுக்கிவிட்டு மேடையேறினாள். "எடுத்தது டைரக்டர் இல்ல டீச்சர், எங்க ஆம்ப்ளிஃபயர். அந்த மனுஷன் சத்தத்துக்கும் உயிரைக் கொடுத்து உழைச்சிருக்காரு. அடுத்த ஞாயிறு முழுசாப் போடுறேன். வந்து கேளுங்க."

அரங்கு சிரித்தது. டீச்சரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

மறுவாரம் வந்தவர்களே திரும்ப வந்தார்கள், வீட்டு ஆட்களையும் இழுத்துக்கொண்டு. அந்தக் காட்சி வந்தபோது அரங்கு மூச்சுப் பிடித்துக் கேட்டது. ஓட்டுநர் வீரனைத் திட்டவே இல்லை. தனக்குக் கட்டுப் போடத் தெரியாது என்றும், ரத்தத்தைக் கண்டாலே தலை சுற்றும் என்றும், நீ செத்துவைத்தால் இந்தப் பனியில் என்னால் தனியாக இருக்க முடியாது என்றும் கத்திக்கொண்டிருந்தான். பயந்தவனின் கோபம். தம்பி இருட்டில் மூக்கை உறிஞ்சும் சத்தம் அக்காவுக்குக் கேட்டது.

வெளியே வாசலில் வாக்குவாதம் பிடித்துக்கொண்டது.

"சத்தம் இல்லாமப் பார்த்ததுதான் படம்" என்று டீச்சர் சாதித்தார்.

"அவன் பயந்தது தெரியாம என்னத்தைப் பார்த்தீங்க?" என்றார் ஒரு பஸ் ஓட்டுநர். "நாங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துறதெல்லாம் வேற எதுக்குன்னு நினைக்கிறீங்க?"

மதியக் காட்சிக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். கூட்டத்தைக் கலைக்க வந்த தம்பி, பஸ் ஓட்டுநர் பக்கம் சேர்ந்துகொண்டு டீச்சரோடு மல்லுக்கு நின்றான். அக்கா தலையிடவில்லை. அடுத்த வாரப் படத்தை ஓட்டிப் பார்க்க மாடிப்படி ஏறினாள்.