காரணம் எழுதும் கட்டம்

விச்சிட்டாவில் விமானம் செய்கிற அந்தத் தொழிற்சாலையில், லோரீனுக்கு வாரத்திலேயே நல்ல நேரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான். விமானத்தின் ஒவ்வொரு பாகத்தின் வரைபடமும் ஒரே மென்பொருளுக்குள் இருந்தது. அதற்குக் காவல் அவள். திருத்துவதற்காக ஒருவர் வரைபடத்தை எடுத்தால் அவர் பெயரில் பூட்டு விழும், திருப்பி வைக்கும்வரை வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது. இந்த இன்ஜினியர்கள் இருக்கிறார்களே, வானத்தில் எதைப் பறக்கவிடச் சொன்னாலும் விடுவார்கள். எடுத்ததைத் திருப்பி வைக்கச் சொன்னால் மட்டும் மறந்துபோகும். லோரீன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திட்டுவாள்.

கடைசித் திட்டு எப்போதும் இறக்கைப் பிரிவு டெல்பர்ட்டுக்கு.

"டெல்பர்ட், மறுபடியும் அந்த இறக்கைத் தாங்கி வரைபடத்த உங்க பேர்ல பூட்டிட்டுக் கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பல அம்மணி. கார் பக்கத்துல நின்னு உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

"வெட்கமா இல்ல?"

"இருந்துச்சு. அதையும் எங்கயோ வெச்சு மறந்துட்டேன்."

அவர் முனகிக்கொண்டே மாடியேறிப் பூட்டைத் திறப்பார். அதுவரை பேச்சு ஓடும்: அவருடைய நாயின் மூட்டுவலி, முட்டைக்கோசு வைத்துச் சுட்ட பைராக் ரொட்டி, காரையே தள்ளுகிற காற்று. புருஷன் போன பிறகு லோரீனின் வீட்டில் பேச்சுக்குரல் என்றால் டிவிதான். திங்கட்கிழமைவரை அவள் அந்தப் பேச்சை வைத்தே ஓட்டினாள்.

இன்னொன்றும் உண்டு. எதைச் செய்தாலும் அந்த மென்பொருள் காரணம் கேட்கும். காரணம் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டால் நகராது. அதனால் தொழிற்சாலை முழுக்க அதில் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போய்விடும். "புள்ளி ஒரு காரணமாய்யா?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போடுவாள் லோரீன். புள்ளி வைக்காத ஒரே ஆள் டெல்பர்ட். 'காற்றுக்கு இறக்கை நடுங்குவதாகக் கேள்வி. அரை மில்லிமீட்டர் தடிமன் கூட்டித் தைரியம் சொன்னேன்' என்று எழுதுவார். அவள் ஒருத்தி படிப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

அப்புறம் மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. மறந்த பூட்டை அதுவே சாயங்காலம் திறந்துவிடும். அவசரமென்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பூட்டியவருக்குக் கோரிக்கை போய்விடும்.

"இனிமே யாரையும் துரத்த வேணாம் லோரீன். நிம்மதி," என்றாள் மேலாளர் டாம்சின். கேக் கூட வெட்டினார்கள்.

நல்ல நிம்மதி! வெள்ளிக்கிழமைகள் வாயைத் திறக்காமல் போயின. ஒருமுறை டெல்பர்ட்டைக் கூப்பிடப் போனை எடுத்தாள், வைத்துவிட்டாள். காரணமில்லாமல் ஒருவரைக் கூப்பிட அவளுக்கு வராது. சும்மாதான் கூப்பிட்டேன் என்பது ஒரு பெரிய வார்த்தையா? அதுதான் தொண்டையைத் தாண்டவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் அந்த இறக்கைத் தாங்கியைத் தன் பெயரில் பூட்டினாள். அது அன்றே பட்டறைக்குப் போக வேண்டிய வரைபடம். டெல்பர்ட் தேடுவார், பூட்டில் அவள் பெயரைப் பார்ப்பார், கூப்பிட்டுக் கிழிப்பார். 'வெட்கமா இல்ல அம்மணி?' என்பார். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். போனைக் கைக்கு எட்டுகிற இடத்துக்கு நகர்த்தினாள்.

போன் அடிக்கவில்லை. திரையின் மூலையில் கோரிக்கை வந்தது. அனுப்பியவர் டெல்பர்ட் உன்ரூ. காரணம் என்ற கட்டத்தில் ஒரு புள்ளி இருந்தது.

கீழே ஏதாவது இருக்குமோ என்று நகர்த்திப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

பூட்டைத் திறக்கச் சம்மதம் கொடுக்கவும் காரணம் கேட்டது மென்பொருள். 'சும்மாதான் எடுத்தேன்' என்று அடித்தாள். அழித்தாள். அப்புறம் ஒரு புள்ளியை வைத்து அனுப்பினாள்.