ஒட்டடையின் பதின்மூன்று அட்டைகள்

ஒரு பழைய பத்திரிகையைப் பிரிக்கக் கை வராமல் உட்கார்ந்திருக்கிறீர்களா நீங்கள்?

எனக்கு அந்தச் சனிக்கிழமை மதியம் அப்படித்தான் ஆயிற்று. தரை முழுக்க ‘இருபது முகம்’ பத்திரிகையின் நாற்பத்தாறு இதழ்கள். இருபத்தேழு வரை வரிசையாகப் படித்துவிட்டேன். இருபத்தெட்டாவதை எடுப்பேன், வைப்பேன். எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். ஜன்னலைத் திறந்தேன். சத்தம் தாங்காமல் மூடினேன். மூடினால் புழுங்கியது.

“பல்லு, ஒரு இடத்துல உக்காரு. தரை தேயுது,” என்றார் லிஃப்ட் அண்ணன்.

அவர் என்னோடு அறையில் இருப்பவர். ஊரிலுள்ள பாதி லிஃப்டுகளை அவர்தான் ரிப்பேர் செய்கிறார். பல் செட் செய்யும் இடத்தில் எனக்கு வேலை என்பதால் அவர் வைத்த பெயர் பல்லு. மெழுகில் பல்லைப் பதித்து, தேய்த்து, முகம் தெரியாத ஒருவரின் வாய்க்குப் பொருத்தம் பார்க்க வேண்டும். கை நடுங்கினால் ஆகாத வேலை. அன்றைக்கு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

பத்திரிகை மட்டும் காரணம் இல்லை. மறுநாள் காலை என் அக்கா, நான் வேலை பார்க்கும் இந்த வெளிநாட்டு ஊரின் விமான நிலையத்தில் இறங்குகிறாள். வேறொரு நாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவம், கூட இருக்கப் போகிறாள். இங்கே விமானம் மாற நாலு மணி நேரம். “வெளிய வரலாமாம். உன்னப் பாக்கணும்னு சொல்றா, வர்றியா?” என்று முந்தின நாள் அத்தான் ஃபோனில் கேட்டார். “ஷிஃப்ட் இருக்கு அத்தான், லீவு கிடைக்காது,” என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் இடத்துக்கு விடுமுறை.

அக்காவிடம் நான் ஒழுங்காகப் பேசி இருபத்தேழு வருஷம். அப்பா போனபோது பார்த்துக்கொண்டோம். “எப்ப வந்த?” “காலையில.” அவ்வளவுதான். கோபம் இல்லை. அவளுக்கு நேராக நிற்க எனக்கு முகம் இல்லை. அதற்கும் இந்தப் பத்திரிகைக்கும் சம்பந்தம் உண்டு.

“இது என்ன விளையாட்டு? சீட்டா?” லிஃப்ட் அண்ணன் ஓர் இதழைக் காலால் நகர்த்தினார்.

“கால் படாம எடுங்கண்ணே. நாலு பேர் மேசையச் சுத்தி உக்காரணும். ஒருத்தர் கதை சொல்வார். அந்தக் கதையில நமக்கு ஒரு ஆள் உண்டு. அவன் என்ன செய்யறான்னு நாம சொல்லணும். அது நடக்குமா நடக்காதான்னு இருபது முகம் இருக்கிற ஒரு பகடை சொல்லும்.”

“எங்க சூப்பர்வைசரும் அப்படித்தான் லீவு குடுக்கிறார்.”

அவருக்குச் சொல்லாமல் விட்டதை உங்களுக்குச் சொல்கிறேன். மேசைக்கு ஆள் கிடைக்காத என்னைப் போன்றவர்களுக்காக அந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் ‘தபால் பயணம்’ என்று ஒரு பகுதி வந்தது. நம் ஆள் அந்த மாதம் என்ன செய்கிறான் என்று ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். ஆசிரியர் அலுவலகத்தில் பகடை உருட்டி, நடந்ததை அடுத்த இதழில் மூன்று வரியில் போடுவார். பத்தாம் தேதிக்குள் அட்டை சேராவிட்டால் நம் ஆள் அந்த மாதம் அசையாமல் நிற்பான். என் ஆளின் பெயர் ஒட்டடை. ஒல்லியான கூலிப்படைக்காரன். இரண்டு வருஷம் அவனை உயிரோடு வைத்திருந்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வேறு எதையும் இரண்டு வருஷம் விடாமல் செய்ததில்லை.

இருபத்தேழாவது இதழில் ஒட்டடை ஒரு கயிற்றுப் பாலத்தின் நடுவில் மாட்டிக்கொண்டான். எதிர்க்கரையில் அம்பு எய்பவர்கள். அங்கே அசையாமல் நின்றால் செத்தான். ஓடிப்போய்க் கயிற்றை வெட்டுகிறான் என்று எழுதி, வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போடச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். ஒன்பதாம் தேதி அவள் கைப்பையில் சில்லறை தேடியபோது அட்டை அப்படியே இருந்தது.

வீட்டில் மாமா குடும்பம் உட்கார்ந்திருந்தது. அக்காவுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோய் இரண்டு மாதம். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அட்டையை நாலாகக் கிழித்துப் போட்டேன். “ஒரு அட்டையப் போடத் துப்பில்ல உனக்கு. அதான் அவங்களும் உன்ன வேண்டாம்னுட்டுப் போயிட்டாங்க,” என்றேன்.

அக்கா கைப்பையை மூடி வைத்தாள். அம்மாதான், “டேய்,” என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒட்டடை செத்துவிட்டான் என்ற கடுப்பில் பத்திரிகை வாங்குவதையும் நிறுத்தினேன். ஐந்து மாதத்தில் வேலை கிடைத்து ஊரை விட்டு வந்தேன். அடுத்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம். லீவு இல்லை என்று எழுதினேன். அதுவும் பொய்தான்.

போன வாரம் ஒரு பழைய புத்தகக் கடைக்காரர் எல்லா இதழ்களையும் ஒரே கட்டாக விற்பதாக இணையத்தில் பார்த்து வாங்கினேன். ஒட்டடை செத்த வரியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. கட்டு வியாழக்கிழமை வந்தது, அத்தானின் ஃபோன் வெள்ளிக்கிழமை.

“இதத்தான் பிரிக்க மாட்டேங்கிற?” லிஃப்ட் அண்ணன் இருபத்தெட்டை எடுத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். “உள்ள பாம்பா இருக்கு? நான் படிக்கிறேன், நீ காதப் பொத்திக்கோ.”

“கடைசிப் பக்கத்துல பாருங்க. ஒட்டடைன்னு இருக்கும்.”

“ஒட்டடையா? பேரு வச்சான் பாரு.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளை போல உரக்கப் படித்தார். “‘ஒட்டடை பாலத்தின் மேல் குப்புறப் படுத்து, செத்துக் கிடந்தவனின் கேடயத்தை முதுகில் இழுத்துப் போட்டுக்கொண்டான். பகடை பதினேழு. பிழைத்தான்.’ அட, உன் ஆளு கெட்டிக்காரன்தான்!”

“நான் அப்படி எழுதலண்ணே.”

“இரு, கீழ என்னமோ பொடி எழுத்துல போட்டிருக்கு. ‘இந்த அட்டை பத்தாம் தேதி மாலை நேரிலேயே வந்து சேர்ந்தது. கொண்டுவந்த பெண் மழையில் நனைந்திருந்தார். டீ கொடுத்தோம், பஸ் போய்விடும் என்று குடிக்கவில்லை.’” கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “யாரு பல்லு அது?”

அக்காதான். அந்த அலுவலகம் எங்கள் ஊரின் மறு கோடியில் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். நேரில் போய்க் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கத்துவது சுலபமாக இருந்தது.

இருபத்தொன்பதை நானே பிரித்தேன். ஒட்டடை இருந்தான். ‘நனைந்த துணிகளைக் காயப்போட்டு, கழுதைக்குத் தண்ணீர் வைத்தான்.’ ஆசிரியர் அடைப்புக்குறியில் எழுதியிருந்தார்: ‘துணி காயப்போட்ட முதல் கூலிப்படைக்காரர் இவர்தான்.’ முப்பதில், சத்திரத்துக்காரியின் பெயரைக் கேட்டான். நான் ஆடிய இரண்டு வருஷத்தில் ஒட்டடை யார் பெயரையும் கேட்டதில்லை. முப்பத்தொன்றில், ‘விருந்தில் ஒருவன் எல்லார் முன்னாலும் ஒட்டடையைக் கேவலமாகப் பேசினான். ஒட்டடை கத்தியை எடுக்கவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனான். பகடை தேவைப்படவில்லை.’

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே புரட்டினேன். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. நான் ஊரை விட்டு வந்த பிறகும் அவன் வந்துகொண்டே இருந்தான். மாதம் ஒரு அட்டை. நாற்பதாவது இதழோடு பதின்மூன்று அட்டைகள். நாற்பத்தொன்றில், ‘அட்டை வரவில்லை. அசையாமல் நின்றான்.’ அது அக்காவுக்குக் கல்யாணம் ஆன மாதம். நாற்பத்திரண்டிலும் நின்றான். நாற்பத்துமூன்றில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

படித்து முடித்தபோது ராத்திரி வெகு நேரம் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னேன். சொல்லும்போதும் நடந்துகொண்டுதான் இருந்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவருக்கு அது பழக்கமில்லை.

“நாளைக்கு உங்க இடம் லீவு தானே?”

“ஆமா.”

“அப்புறம் என்னத்துக்கு என் உயிர வாங்குற? அத்தானக் கூப்பிடு.”

கூப்பிட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

“அத்தான், நாளைக்கு நான் வர்றேன். அக்காகிட்ட சொல்லிடுங்க.”

“இப்ப சொல்றியே! அவ ஏறியாச்சு. ஃபோனையும் அணைச்சிட்டா.”

“இறங்கினதும் ஃபோனப் பாப்பாளா?”

“அந்த ஃபோன் அங்க வேலை செய்யாது. நீ வரலன்னு நான்தான் சொன்னேன். அப்படின்னா உள்ளயே உக்காந்துக்கிறேன், வெளிய வந்து என்ன பண்ணப் போறேன்னு அவதான் சொன்னா.” பிறகு கேட்டார்: “ஷிஃப்ட் மாறிடுச்சா?”

“ஷிஃப்டே இல்ல அத்தான். பொய் சொன்னேன்.”

“எங்களுக்குத் தெரியாதா என்ன? ஞாயித்துக்கெழம யாருக்குடா பல்லு கட்டுற?”

அவருக்குத் தெரிந்திருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்கும். ஃபோனை வைத்துவிட்டு இதழ்களை எண் வரிசையில் அடுக்கினேன். கலைத்தேன். திரும்பவும் அடுக்கினேன். சட்டையைத் தேய்த்தேன், இன்னொன்றைத் தேய்த்தேன். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று அண்ணனிடம் மூன்று தடவை கேட்டேன்.

“அஞ்சே கால். அஞ்சே கால். அஞ்சே கால்,” என்றார். “இன்னும் எத்தன தடவ கேக்கப் போற, சொல்லு, மொத்தமா சொல்லிடறேன்.”

“வெளிய வரலன்னா என்னண்ணே பண்றது?”

“நின்னுட்டு வா.”

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய், வருபவர்கள் வெளியேறும் வாசலில் நின்றேன். விமானம் ஏழு பத்துக்கு இறங்கியது. எட்டரை வரை அக்கா வரவில்லை. எட்டு நாற்பதுக்கு வந்தாள். உள்ளே உட்கார்ந்திருந்தாளாம், சும்மா ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம் என்று வந்தாளாம். தூணுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அன்று நான் சொன்ன வார்த்தையை அப்படியே திரும்பச் சொல்லி, அது தப்பு என்றேன். “இதச் சொல்ல இருபத்தேழு வருஷமாடா?” என்றாள். ஆமாம் என்றேன். ஒன்பதே முக்காலுக்கு உள்ளே போனாள். நான் பஸ் பிடித்து அறைக்கு வந்தேன்.