உறைக்காரி அடித்த கத்தி

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்த வினை. கத்தி வாங்கிப் போன ஒருவர் போன் போட்டு, "கத்தி பிரமாதம் சார், கூடவே உறையும் சும்மா குடுத்திருக்கீங்களே" என்று சொல்ல, கத்திக்காரர் பெரிய வள்ளல் மாதிரி சிரித்து, "அட, உறை என்னங்க, கொசுறுதானே" என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மனைவி நிற்கிறாள். ஒரு கையில் குத்தூசி, இன்னொரு கையில் பாதி தைத்த உறை.

"கொசுறா?" என்றாள்.

அந்த இடத்திலேயே மனுஷன் காலில் விழுந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே. "சும்மா பேச்சுக்குச் சொன்னேன். அதுக்காக, தோலை மடிச்சுத் தைக்கிறதும் இரும்பைக் காய்ச்சி அடிக்கிறதும் ஒண்ணாகிடுமா?" என்று இன்னும் நாலு படி கீழே இறங்கிப் போனார்.

வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துவதற்கென்று கட்டிய ஷெட் அது. கார் ஒரு நாளும் நின்றதில்லை. பாதி இடம் அவருடையது: இரும்பைத் தேய்க்கிற பட்டை சுற்றும் மெஷின், கவ்விப் பிடிக்கிற வைஸ், பட்டறைக் கல்லுக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு, செங்கல் அடுக்கி கேஸ் குழாய் விட்ட உலை. மீதிப் பாதி அவளுடையது: ஜன்னலோர மேஜை, தோல் சுருள்கள், மெழுகு தடவிய நூல், ஈரத் தோலை வைத்து அமுக்குகிற இரண்டு பலகைகள். நடுவில் யாரும் கோடு போடவில்லை. இரும்புத்தூள் எதுவரை பறந்து வந்து விழுகிறதோ அதுதான் எல்லை. தெருவில் அவர் கத்திக்காரர், அவள் உறைக்காரி. ஒவ்வொரு கத்தியிலும் கைப்பிடிக்குப் பக்கத்தில் அவர் பெயரின் முதல் எழுத்து அடித்திருக்கும். உறையில் ஒன்றும் இருக்காது. இத்தனை வருஷமாக அது அவளுக்கு உறுத்தியதில்லை என்று சொன்னால் பொய். உறுத்தியது, சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அன்றைக்குச் சொல்லிவிட்டாள்.

"சரி, மாத்திப் பாத்துடலாம். நான் கத்தி அடிக்கிறேன், நீங்க உறை தைங்க. என் கத்தி விரிசல் விடாம, கோணாம, அரம் போட்டா இறங்காம வந்துச்சுன்னா, இனிமே இந்த ஷெட்டை விட்டுப் போற எல்லாக் கத்திலயும் என் அடையாளமும் இருக்கணும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். கொசுறுன்னு போர்டு எழுதி என் மேஜையில நீங்களே மாட்டிக்கோங்க."

கத்திக்காரருக்கு ஒரே குஷி. "ஜெயிச்சா அடிச்சுக்கோ" என்றார். ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்கக்கூடாது, யோசனை சொல்லி வாயும் திறக்கக்கூடாது என்று பேச்சு. தீர்ப்பு சொல்ல அவருடைய அக்கா வந்தார். விடுதிச் சமையற்கட்டில் நாளெல்லாம் கத்தியும் கையுமாக இருப்பவர். தம்பி அடித்த கத்தியையே தம்பி முகத்துக்கு நேராக "மட்டம்" என்று திருப்பிக் கொடுத்தவர். அதனால் தம்பி என்று பார்க்கமாட்டார் என்று அவளுக்கு நம்பிக்கை. அவரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்; அந்த முறையைப் பார்த்துத் தனக்கும் இரக்கம் காட்டமாட்டார் என்று கொஞ்சம் பயமும் உண்டு.

தீர்ப்பு நாளன்று அண்ணி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு நடு ஷெட்டில் உட்கார்ந்தார். "முதல்ல உன்னோடதை எடுடா" என்றார்.

கத்திக்காரர் உறையை எடுத்து நீட்டினார். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்திரி. தையல், சாராயம் குடித்த எறும்பு போன வழி மாதிரி இருந்தது. ஆனாலும் உறை உறைதான். அண்ணி அதில் தம்பியின் பழைய கத்தி ஒன்றைச் செருகி, தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார். கத்தி விழவில்லை. கத்திக்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அண்ணி எழுந்து உறையை இடுப்பு பெல்ட்டில் மாட்டினார். வலது பக்கம் மாட்டினார், சரிப்படவில்லை. திருப்பி மாட்டினார், அதற்கும் சரிப்படவில்லை. கடைசியில் இடது பக்கம் மாட்டியதும் கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஏண்டா, இது இடக்கைக்காரங்களுக்கா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அட்டையை வைத்துத் தோலில் கோடு போடும்போது எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். பார்க்காமல் வெட்டினால் கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாம் மாறிவிடும். உறை தைக்க வந்த முதல் மாதத்தில் அவளே மூன்று தோலைப் பாழாக்கியிருக்கிறாள்.

"வேணும்னேதான் அப்படி வெட்டினேன்" என்றார் கத்திக்காரர். முகத்தில் அசடு வழிந்தது. அண்ணி உறையைக் கழற்றி அவர் மடியில் போட்டார். ஆனால் அவர் தோற்றதால் அவள் ஜெயித்ததாகிவிடாது. பந்தயம் அவள் கத்தியில் இருந்தது.

அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். இரும்பின் நிறம் வெளிச்சத்தில் ஏமாற்றும், இருட்டில்தான் உண்மை தெரியும். உலையைப் பற்றவைத்தாள். லாரிக்கு அடியில் இருக்கும் பழைய ஸ்பிரிங் பட்டையிலிருந்து வெட்டி, அடித்து, தேய்த்து, கைப்பிடிக்கு ஓட்டை போட்டுத் தயாராக வைத்திருந்த கத்தியைக் குறட்டில் பிடித்தாள். இதுவரை செய்ததெல்லாம் உழைப்பு. இனிமேல்தான் கண்டம். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுக்கும் அந்தத் தோய்ச்சலில்தான் வெறும் இரும்புத் தகடு கத்தியாகும், இல்லையென்றால் குப்பையாகும். பயமா சந்தோஷமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த நெருப்பு, இன்றைக்கு அவளுடையது.

உலைக்குள் நீட்டப் போனவள் அப்படியே நின்றாள். எதிரே அலமாரியில் கத்திக்காரரின் கத்திகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. இன்னும் தோய்ச்சல் ஆகாதவை. ஒவ்வொன்றிலும் அவர் எழுத்து ஏற்கெனவே அடித்திருந்தது.

"ஏங்க" என்றாள். "ஜெயிச்சா அடிச்சுக்கோன்னீங்களே. ஜெயிச்ச பிறகு இதுல எப்படிங்க அடிக்கிறது?"

கத்திக்காரர் திருதிருவென்று விழித்தார். தோய்ச்சல் சரியாக விழுந்த இரும்பில் அரமே இறங்காது, பஞ்ச் எப்படி இறங்கும்? அடையாளம் அடிப்பதென்றால் இரும்பு இளகலாக இருக்கும்போதே, நெருப்புக்கு முன்னாலேயே அடித்துவிடவேண்டும். தினம் இதையே செய்கிற மனுஷன்.

"தெரிஞ்சே என்னை ஏமாத்தினீங்களா?"

"சத்தியமா இல்லை. இது தோணவே இல்லை."

அவளுக்கு அவரைத் தெரியும். ஏமாற்றுகிற அளவுக்கு அந்த ஆள் முன்யோசனைக்காரர் இல்லை. கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. ஆனால் கேள்வி போகவில்லை. இந்தக் கத்தியை இப்படியே நெருப்பில் வைத்தால், ஜெயித்தாலும் இது வெறும் கத்தி. அவள் அடித்த முதல் கத்தியில் அவளுடையது என்று ஒன்றும் இருக்காது.

குறட்டைக் கீழே வைத்தாள். கத்தியைத் தண்டவாளத் துண்டின் மேல் போட்டாள். எழுத்து அச்சு அவளிடம் இல்லை. ஓட்டை போடுமுன் குறி வைக்கிற கூர் பஞ்ச்தான் கைக்கு அகப்பட்டது. அது போதும் என்று தோன்றியது.

"வேணாம்" என்றார் கத்திக்காரர். "அவ்வளவு கூரா குத்தினா அந்த இடத்துலயே விரிசல் விடும். என் அச்சு மழுங்கல், அதனால தாங்குது. ஒழுங்கா போய்க்கிட்டிருக்குதே, எதுக்கு வம்பு..."

"டேய், யோசனை சொல்லக்கூடாதுன்னு பேச்சு" என்றார் அண்ணி.

"இது யோசனை இல்லக்கா. பயம்."

அதைக் கேட்டதும் அவள் கை ஒரு நொடி தயங்கியது. அவள் தோற்றால் தன் பக்கம்தான் லாபம் என்று இருக்கவேண்டிய ஆள் பயப்படுகிறாரே என்று மனசுக்குள் ஏதோ இளகியது. அவர் சொல்வதும் நிஜம்தான். எண்ணெயில் விழும்போது இரும்பு எங்கே வெடிக்கலாம் என்று இடம் தேடும். அவளே ஒரு இடத்தைக் காட்டிக் கொடுக்கப் போகிறாள். ஆனாலும் பெயர் இல்லாமல் ஜெயிப்பதற்கு இத்தனை நாள் போல உறையே தைத்துக்கொண்டிருக்கலாம். சுத்தியலை எடுத்தாள். கைப்பிடியை ஒட்டி, இரும்பு கனமாக இருக்கும் இடமாகப் பார்த்து, ஒரு புள்ளி வைத்தாள். அதே இடைவெளியில் இன்னொன்று. மூன்று, நான்கு, ஐந்து. அளவுகோல் தேவைப்படவில்லை. அந்தக் கை தோலில் லட்சம் துளை போட்ட கை. நிமிர்ந்து பார்த்தால் இரும்பில் ஒரு தையல் ஓடியிருந்தது.

இப்போது உலை. கத்தி முதலில் மங்கலாகச் சிவந்தது, பிறகு நன்றாகச் சிவந்தது. நுனி மெல்லியது, முந்திக்கொண்டு காயும், அதனால் உள்ளும் வெளியுமாக இழுத்து இழுத்துக் காட்டினாள். எடுத்துக் காந்தத்தில் தொட்டாள், இழுத்தது. திரும்ப உள்ளே. இன்னொரு தரம் தொட்டாள், காந்தம் சீண்டவே இல்லை. காந்தம் இழுக்காத சூடுதான் பதம், வந்துவிட்டது. இனி யோசிக்க நேரமில்லை. ஒரே வீச்சில் எண்ணெய் டின்னுக்குள் செங்குத்தாக இறக்கினாள். தீ குப்பென்று எழுந்து அவள் புருவத்தைப் பார்த்துவிட்டு அடங்கியது.

டிங்.

அது விரிசல் விடுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்குத் தூக்கத்திலும் பயப்படுகிறவர் கத்திக்காரர். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் குறட்டின் பிடியை மட்டும் விடவில்லை.

"குறடு டின்னுல இடிச்சுச்சு" என்றார் அண்ணி. "நான் பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் செத்துப் போகாதீங்க."

கத்தியை வெளியே எடுத்தாள். துணியால் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் புள்ளிகளைத்தான் முதலில் பார்த்தாள். ஐந்தும் அப்படியே இருந்தன, நடுவில் ஒரு கீறல்கூட இல்லை. சந்தோஷத்தில் கத்தப் போனவள், கத்தியை நீளவாக்கில் ஒரு கண்ணால் பார்த்தாள். நுனி இடது பக்கம் திரும்பியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் கோணல் கோணல்தான்.

கத்திக்காரரும் பார்த்துவிட்டார். சொல்லத் துடித்த வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். இரும்பு முழுக்க ஆறுவதற்குள் நிமிர்த்தினால் நிமிரும், ஆறிவிட்டால் ஒடியும். அவர் என்றால் சுத்தியலால் மெல்லத் தட்டுவார். பாதி நிமிரும், பாதி இரண்டாக உடைந்து மூலைக்குப் போகும். அவளுக்குச் சுத்தியல் மேல் நம்பிக்கை வரவில்லை. ஈரத் தோல் ஞாபகம் வந்தது. காய்வதற்குள் எப்படி அமுக்குகிறோமோ அப்படியே நின்றுவிடும், அடிக்க வேண்டியதில்லை, பிடித்து வைத்தால் போதும். கத்தியைத் தூக்கிக்கொண்டு இரும்புத்தூள் எல்லையைத் தாண்டித் தன் மேஜைக்கு ஓடினாள். உறைப் பலகை இரண்டுக்கும் நடுவே கத்தியை வைத்து, வளைந்த பக்கம் ஒரு தோல் துண்டைச் சொருகி, கிளாம்ப்பை முறுக்கினாள். பலகை கருகி, நெடி மூக்கைத் துளைத்தது. இன்னும் கொஞ்சம் முறுக்கினாள்.

காத்திருப்பது போல ஒரு கொடுமை கிடையாது. அண்ணிகூட வாளியிலிருந்து எழுந்துவிட்டார். கத்திக்காரர் சுவரைப் பார்த்தபடியே, "என்ன ஆச்சு, யாராவது சொல்லுங்களேன்" என்று கெஞ்சினார். யாரும் சொல்லவில்லை.

பலகை கைக்கு ஆறியதும் கிளாம்ப்பைத் திறந்தாள். கத்தியை மேஜையில் கிடந்த கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வைத்தாள். அடியில் ஒரு தலைமுடிகூட நுழையாத அளவுக்கு ஒட்டிக்கொண்டது. அண்ணி அரத்தை எடுத்து முனையில் வைத்து அழுத்தி இழுத்தார். அரம் கண்ணாடியில் போவது போல வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு தரம் இழுத்தார். மறுபடியும் வழுக்கியது.

"இறங்கலைடா" என்றார். "உன் பெண்டாட்டி ஜெயிச்சுட்டா."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், எண்ணெய்க் கையோடு. ஆனால் அதிகமாகக் கூத்தாடியது கத்திக்காரர்தான். தோற்ற ஆள் என்கிற ரோஷமே இல்லாமல் கத்தியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பலகையைத் தடவிப் பார்த்தார். "சுத்தியலே இல்லாம நிமித்திட்டாளேக்கா, எத்தனை கத்தியை உடைச்சிருக்கேன் நான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அண்ணி கத்தியை வீட்டுக்குள் இருக்கும் ஓவனில் இளஞ்சூட்டில் வைக்க எடுத்துப் போனார். அதற்கும் ஒரு பதம் உண்டு. இல்லையென்றால் கீழே விழுந்தாலே உடைந்துவிடும். கத்திக்காரர் அலமாரியிலிருந்து தன் கத்திகளை அள்ளிக்கொண்டு வந்து தண்டவாளத் துண்டின் பக்கத்தில் குவித்தார்.

"எல்லாத்துலயும் அடி" என்றார். "நெருப்பைக் காட்டறதுக்கு முன்னாடி."

இத்தனை வருஷமும் எழுத்து அடிக்கும்போது அவள் கத்தியை அசையாமல் பிடித்துக்கொள்வாள், அவர் அடிப்பார். இன்றைக்கு அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதல் கத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பழக்கமில்லாததால் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்க. அசைஞ்சா கோணும்."

திறந்தார். "எங்க அடிக்கப் போற? என் எழுத்துக்குப் பின்னாலயா?"

"முன்னால" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். வாசலில் வந்து நின்ற அக்காவைப் பார்த்தார். மூடிக்கொண்டு, இரும்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். அவள் பஞ்ச்சை அவர் எழுத்துக்கு முன்னால் வைத்து, சுத்தியலை ஓங்கினாள்.