கலங்காத குவளை

அரசாங்கக் காரில், அரசாங்கப் பெட்ரோலை எரித்து, சாராயத் தடுப்பு அதிகாரியே காலமெல்லாம் அப்சிந்த் என்ற திருட்டுச் சோம்புச் சாராயத்தைக் கடத்தினார் என்று நூமா சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது. அந்த அதிகாரி வேறு யாருமல்ல, அவருடைய மனைவி லியோனியின் தம்பி ஆல்சீட். ஒரு தடவை சொன்னால் புட்டிகள் உபரிச் சக்கரத்துக்குள் இருக்கும், அடுத்த தடவை அதிகாரியின் தொப்பிக்குள் ஏறிவிடும். ஒருமுறை பனி மூடிய வளைவில் கார் சறுக்கி ஒரு புட்டி உடைந்ததாம். அந்த வாசனையில் காட்டுக் காக்கைகள் எல்லாம் கிறங்கிப்போய், மறுநாள் தேவாலயத்தில் பாட்டுக் குழுவோடு சேர்ந்து பாடினவாம், அதுவும் சுருதி பிசகாமல். மோத்தியே கிராமத்தில் ஒருவரும் இதை நம்பவில்லை. நூமாவும் நம்பவில்லை. அவரே கட்டிய கதையை அவரே எப்படி நம்புவார்?

நடந்தது வேறு. அப்சிந்துக்குத் தடை இருந்த காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளைப் போலவே லியோனியும் சலவை அறையில் அப்சிந்த் காய்ச்சினாள். ஞாயிறுதோறும் ஆல்சீட் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவார். நடையெல்லாம் சோம்பு மணக்கும். அவர் சூப்பைக் குடித்துக்கொண்டு உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றிப் பேசுவார். சலவை அறைப் பக்கம் அவர் கால் போனதில்லை. லியோனியும் அவர் முன்னால் ஒரு குவளையை வைத்ததில்லை. இருவரும் வாய்விட்டுப் பேசி முடிவு செய்ததல்ல அது. ஆனாலும் கடைசிவரை நின்றது.

இலையுதிர் காலத்தில் லியோனி போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, கரண்டிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காத அந்த அமைதியைத் தாங்கமாட்டாமல் நூமா கடத்தல் கதையை எடுத்துவிட்டார். சிரித்தார்கள். ஆல்சீட் எழுந்து போய்விட்டார். அதன்பிறகு எந்த ஞாயிறும் அவர் வரவில்லை. நூமா பழக்கத்தில் இரண்டு பேருக்கு சாசேஜ் வேகவைப்பார், புதன்கிழமைவரை அதையே தின்பார். அவருக்கென்று மிஞ்சியிருந்த ஒரே ஆள் ஆல்சீட்தான். பேசாத வீட்டில் சுவர்க்கடிகாரம்கூடத் தன்னைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதாக நூமாவுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

ஜனவரியில் ஒரு பகலில், பறக்கும் குருவி உறைந்து கல்லாக விழும் குளிரில் (நூமாவின் கணக்கு இது), ஆல்சீட் வந்தார். உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்க வந்தேன் அத்தான். அந்தக் கதை பொய்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. சொன்னா அடுத்த ஞாயிறு வரேன். இல்லேன்னா இதோட சரி."

"ஊரே பொய்னுதான சிரிச்சுது மச்சான்?"

"ஊர் சிரிக்கட்டும். அக்கா என்னை ஒருநாளும் இதுல இழுக்கல. ஒரு சொட்டு என் கையில படவிடல. எனக்காக அவ அப்படி இருந்தா. எனக்குன்னு அவ விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். அதப்போய் நீங்க..."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொய் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் நூமா நினைத்தார். ஆனால் ஆயுள் முழுக்கப் புளுகியவருக்கு உண்மையை வெறும் வாயால் சொல்ல வரவில்லை. உட்காருங்கள், தடையும் போயாச்சு, உங்கள் உத்தியோகமும் போயாச்சு, அக்கா காய்ச்சியதை ஒரு வாய் குடியுங்கள், குடித்ததும் சொல்லிவிடுகிறேன் என்றார். ஆல்சீட் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

நூமா உயரக் குவளையில் சோடா சேர்த்து ஹைபால் கலக்க ஆரம்பித்தார். அந்தப் பள்ளத்தாக்கில் அப்சிந்தில் சோடாவும் பனிக்கட்டியும் போடுவது கிட்டத்தட்டப் பாவம். அதனாலேயே நூமாவுக்கு அது பிடிக்கும். லியோனியின் கடைசிப் புட்டியைத் திறந்து, இரண்டு உயரமான குவளைகளில் ஒரு குதிரையைச் சாய்க்கிற அளவு ஊற்றினார். தண்ணீர்போலத் தெளிந்த சரக்கு. வீட்டிலேயே சோடா செய்யும் புட்டியைத் தூக்கினால் காலி. நிரப்பலாம் என்று குழாயைத் திறந்தார். ஒரு முனகல் வந்தது, தண்ணீர் வரவில்லை. கடுங்குளிரில் குழாயைக் கொஞ்சம் சொட்டவிட்டுத் தூங்க வேண்டும், இல்லாவிட்டால் உறைந்துவிடும். அதை இத்தனை வருஷமும் லியோனிதான் செய்தாள். நூமா குழாயையே பார்த்தபடி நின்றார்.

பிறகு நிலவறைக்கு இறங்கினார். மூலையில் மாமியாருக்கான தண்ணீர்ப் பெட்டி கிடந்தது. ஆல்சீட்டின் அம்மா பக்கத்து ஊரான ஃப்ளூரியேயில் இருந்தவர், மதுவிலக்குச் சங்கத்தில் பெரிய கை. குடிகாரர்கள் அவரைக் கண்டால் தெரு மாறுவார்கள். மோத்தியே காட்டு ஊற்றுத் தண்ணீர்தான் தன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்பார். லியோனி பிடித்து மூடி வைப்பாள், ஞாயிறு சாப்பாடு முடிந்து திரும்பும்போது ஆல்சீட் பெட்டியை அம்மாவிடம் சேர்ப்பார். அந்த அம்மா இறந்த வாரத்துக்கான பெட்டி அப்படியே நின்றுவிட்டது. அதில் ஒரு புட்டியை நூமா மேலே கொண்டுவந்தார். சோடா இல்லாவிட்டால் என்ன, ஊற்றுத் தண்ணீர் போதும்.

முதல் குவளையில் ஊற்றினார். தண்ணீர் பட்டதும் அப்சிந்த் பாலாகக் கலங்க வேண்டும். கலங்கவில்லை. இன்னும் ஊற்றினார். குவளை விளிம்புவரை ஏறியது. குவளையின் ஊடாக அந்தப் பக்கம் இருந்த உப்புக் கிண்ணம் பளிச்சென்று தெரிந்தது.

"சரக்கு செத்துப்போச்சு போல" என்றார் நூமா.

ஆல்சீட் எழுந்து, தண்ணீர்ப் புட்டியை வாங்கி, வேறொரு காலிக் குவளையில் விரலளவு ஊற்றினார். ஜன்னலைத் திறந்து இறவாரத்தில் தொங்கிய பனிக்குச்சி ஒன்றை ஒடித்து அதற்குள் போட்டார். உத்தியோக காலத்தில் எத்தனையோ சமையலறைகளில் சோதனை செய்த கை, நடுக்கமில்லாமல் செய்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். பனி உருகிய இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு நூல் கீழே இறங்கியது. பிறகு இன்னொன்று.

"இதுவும் சரக்குதான். லியோனி என்கிட்டகூடச் சொல்லல" என்றார் நூமா. அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "மச்சான், சத்தியமா எனக்குத் தெரியாது. நான் சும்மா புளுகினேன். பொய்தான். பொய்னு சொல்லிடறேன், நீங்க வாங்க."

ஆல்சீட் குவளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொய் இல்ல அத்தான். தண்ணின்னு நெனச்சு நான்தான் கொண்டுபோனேன். ஒவ்வொரு ஞாயிறும், அரசாங்கக் காருலதான். அம்மாவுக்கு முழங்கால் வலின்னு மாடிவரைக்கும் தூக்கிட்டுப்போயி வெச்சேன்."

வெள்ளை நூல்கள் ஒன்றோடொன்று பின்னி, குவளையின் அடியிலிருந்து மெல்ல மேலேறிக்கொண்டிருந்தன.